பறக்கும் பொறியும் இறங்கும் நிலமும்

பெரம்பலூர் மாவட்டத்தின் எல்லையில், வெள்ளாற்றின் தென்கரைமீது அமைந்துள்ளது லப்பைக்குடிக்காடு என்னும் பேரூர். ஆற்றின் அக்கரையில் திட்டக்குடி. அது கடலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. லப்பைக்குடிக்காட்டினர் பலர் பொருள்வயிற் பிரிந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்பவர். அந்நாடுகளிற் கடல்நடுவே எண்ணெய்க் கிணறுகளில் வேலைசெய்வார் எவர்க்கும் ஹெலிகாப்டர் என்பது வியப்புக்குரிய பொருளன்று. நம்மூரில் நகரப் பேருந்து எத்தன்மைத்தோ, அங்கு அஃது அத்தன்மைத்து. ஊரில் இருப்பார்க்கோ, தேர்தற்காலத்தில் தலைவரொருவர் வந்திறங்கினாலன்றி அதனை அண்மையிற் காணும் வாய்ப்பு அரிது. தலைவர் வருநாளில் நிகழ்வது தமிழ்நாட்டில் யாவரும் அறிந்ததே. வெற்றுநிலம் ஒன்று ஓரிரு நாளிற் சமனாகும், முட்செடி அகலும், புழுதி எழாவண்ணம் நீர் தெளிக்கப்படும், நடுவே சுண்ணாம்பால் வட்டம் ஒன்று எழும், தீயணைப்பு வண்டியும் மருத்துவ வண்டியும் வந்து நிற்கும். தலைவர் போனபின் அந்நிலத்தில் ஆடு மேயும். முட்செடி மீண்டும் முளைக்கும். அத்துணை விரைவில் ஆயத்தமாகும் நிலம், வெள்ளத்திலும் நோயிலும் தவிக்கும் ஊரார்க்கு மட்டும் ஏன் எஞ்ஞான்றும் ஆயத்தமாய் இருத்தல் ஆகாது என்பதே இக்கட்டுரையில் யாம் எழுப்பும் வினா.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். ஹெலிகாப்டர் என்பது கிரேக்கத்தினின்று பிறந்தது. சுருள் எனவும் சிறகு எனவும் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு அது. ஈழத்தமிழர் இதனை உலங்கு வானூர்தி என்பர். உலங்கு என்பது கொசுவினத்தைக் குறிக்கும் பழஞ்சொல். நின்றாங்கே நின்று இரைந்து பறக்கும் இயல்புநோக்கி இப்பெயர் இட்டனர் போலும். பெயர் அழகிதே. ஆயினும் பெரம்பலூர்ச் சந்தையில் நின்றுகொண்டு, 'உலங்கு வானூர்தி வருகின்றது' என்று கூவினால் அண்ணாந்து பார்ப்பார் ஒருவரும் இரார். ஆதலின் வழக்குப்பற்றி ஹெலிகாப்டர் என்றே எழுதுவாம். தமிழாசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

இவ்வூர்தியிற் பலவகை உண்டு. ஈண்டு யாம் கருதுவது நடுத்தர அளவினதாய், இரட்டை எஞ்சின் பூண்டு, ஆளும் பண்டமும் நோயாளியும் ஏற்றுதற்கு ஏற்ற பொதுப்பணி ஊர்தியையே. எஞ்சின் இரண்டு எதற்கெனின், இடைவழியில் ஒன்று நின்றுவிடினும் மற்றொன்றன் வலியாற் பறந்து கரைசேர்தற்பொருட்டு. கடல்மீதும் காட்டின்மீதும் வெள்ளத்தின்மீதும் செல்வதற்கு இஃது இன்றியமையாதது. அங்கெல்லாம் இடையில் இறங்க நிலம் ஏது? ரஷ்யரின் மீ-8 என்பது 1961ஆம் ஆண்டு ஒற்றை எஞ்சினோடு முதன்முதற் பறந்தது. மறு ஆண்டே அதற்கு இரட்டை எஞ்சின் பூட்டினர். அதுவும் அதன் வழித்தோன்றலாகிய மீ-17உமாக 17,000க்கு மேற்பட்ட ஊர்திகள் இதுகாறும் செய்யப்பட்டுள்ளன. ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என அவை பறவாத கண்டம் அரிது. அமெரிக்கரின் பிளாக் ஹாக் 1974இற் பறந்தது. நம் நாட்டில், பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தார் வகுத்த துருவ் 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் முதலிற் பறந்து, 2002இற் படைகளிற் சேர்ந்தது. துருவ் ஊர்தியின் தலைவிசிறி 13.2 மீட்டர் விட்டம் உடையது. முழுச்சுமையோடு அதன் எடை 5,500 கிலோகிராம். மீ-17 அதனினும் பெரிது. அதன் விசிறியின் விட்டம் 21 மீட்டருக்குச் சிறிது மிகும். எடை 13 டன். முப்பதின்மருக்கு மேல் அதில் ஏறலாம்.

இவ்வளவுகளை வாய்பாடுபோல் ஒப்பிப்பது எம் நோக்கமன்று. இவை இறங்க எத்துணை இடம் வேண்டும் என்பதனை வாசகர் மனத்திற் கண்டுகொள்ளவேண்டும். ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுத்திடல் போதும். ஆனால் அத்திடலின்மேல் மின்கம்பி செல்லலாகாது. ஓரத்துக் கொட்டகையின் தகரம் தளர்ந்திருத்தலாகாது. வைக்கோற்போர் அணித்தே இருத்தலாகாது. நம் ஊர்களில் இம்மூன்றும் இல்லாத திடல் எத்தனை?

இவ்வூர்தியின் அருஞ்செயல்களை உலகம் பலகாற் கண்டுள்ளது. 1986ஆம் ஆண்டு செர்னோபில் அணுவுலை வெடித்தெரிந்தபோது அதன் வாய்மீது மணலும் போரானும் ஈயமும் கொட்டியவை மீ-8 முதலிய ஊர்திகள். ஓட்டினார் கதிர்வீச்சினூடே பறந்தனர். தென்சூடானில் மழைக்காலத்திற் சாலை அற்றுப்போகும் ஊர்களுக்கு உலக உணவுத் திட்டத்தார் அனுப்புவதும் இவ்வினத்தையே. இவை நிற்க, எம் நெஞ்சை விட்டகலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு மொசாம்பிக் நாட்டிற் பெருவெள்ளம். நிறைசூலி ஒருத்தி மரத்தின்மேல் ஏறி உயிர்பிழைத்திருந்து, மார்ச்சு முதல்நாள் அம்மரத்திலேயே ஒரு பெண்மகவை ஈன்றாள். தென்னாப்பிரிக்க வான்படையின் ஹெலிகாப்டர் தாயையும் சேயையும் எடுத்துச் சென்ற காட்சியை உலகெங்கணும் கண்டு கண்ணீர் சொரிந்தனர். ரொசீத்தா என்னும் அம்மகள் 24 ஆண்டு வாழ்ந்தாள். 2025 ஜனவரியில், நெடுநாள் நோயுற்று இரத்தசோகையால் இறந்தாள். மரத்தினின்று அவளை எடுத்த கயிற்றை உலகம் அறியும். அதன்பின் 24 ஆண்டு அவள் நடந்த தரையில் அவளுக்கு என்ன மருத்துவம் கிட்டிற்று என்று வினவியவர் எத்தனை பேர்? இச்செய்தியைப் படித்த நாள்தொட்டு எம் எண்ணம் வானைவிட்டுத் தரையை நோக்கலாயிற்று.

தமிழ்நாட்டிலே நிகழ்ந்ததனை நோக்குவாம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களிற் பெய்த மழை அளவிறந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவுவண்டி 17ஆம் நாள் இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதிற் சற்றேறக்குறைய 800 பேர். அப்பாலுள்ள தண்டவாளத்தின் கீழே கல்லையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு பகுதியார் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற் சேர்க்கப்பட்டனர். எஞ்சினார் நிலையத்திலேயே நீர்சூழ இருந்தனர். வான்படையின் ஹெலிகாப்டர் அவர்க்கு உணவு கொணர்ந்தது. கருவுற்ற பெண்ணும் குழந்தையும் உட்படச் சிலரை ஏற்றிச் சென்றது. செய்தித்தாள்கள் அக்காட்சியைப் பெரிதாக அச்சிட்டன. அஃது அச்சிடத் தக்கதே. ஆயினும் அவ்வெண்ணூற்றுவர் உயிரை முதலிற் காத்தது, வண்டியை மேலே விடாது நிறுத்திய நிலையத்தார் விழிப்பு. அவர்தம் பசியை முதலில் ஆற்றியது, தம்மிடம் இருந்ததனைச் சமைத்துக் கொணர்ந்த பக்கத்து ஊர்மக்கள் கை. ஹெலிகாப்டர் வந்தது இவ்விரண்டற்கும் பின்னரே.

எம் பக்கத்தார்க்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்திற் சிதைந்து, தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலை இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். ஆறு பெருகிய இரவில் ஒரு வண்டி நின்றது. ஒரு வண்டி நிற்கவில்லை. இவ்விரண்டற்கும் இடையிலுள்ள வேற்றுமை வானத்தில் இல்லை.

தரையிலுள்ளார் பறப்பவர்க்கே உதவியதும் உண்டு. 2021 டிசம்பர் 8ஆம் நாள் சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற வான்படையின் மீ-17வி5 ஊர்தி குன்னூரை அடுத்த நஞ்சப்பச்சத்திரத்தில் வீழ்ந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியாரும் உள்ளிட்ட 14 பேர் அதில் இருந்தனர். 13 பேர் அன்றே மறைந்தனர். எஞ்சிய ஒருவர் ஒரு வாரம் உயிரோடு போராடி மறைந்தார். வானிலை எதிர்பாராது மாறியமையால் ஊர்தி முகிலினுட் புக, விமானி நிலைமயங்கியதே காரணம் என விசாரணை கூறிற்று. முதலில் ஓடிவந்தவர் அச்சிற்றூரார். குடங்களில் நீர் கொணர்ந்து தீயில் ஊற்றினர். தம் வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தனர். அடிபட்டாரைத் தூக்கிச்செல்லக் கட்டில் இன்மையால் அப்போர்வைகளே தூளியாயின. அதன் நன்றியாகப் படையினர் அவ்வூரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து, மருத்துவர் மாதந்தோறும் வந்து பார்க்க ஏற்பாடு செய்தனர். ஒரு சிற்றூர் மாதமொருமுறை மருத்துவரைக் காண்பதற்கு இத்தகைய பேரிழவு நேரவேண்டியதாயிற்று. எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

இப்பணியில் இறங்குவார் தம் உயிரைப் பணயம் வைத்தே வருகின்றனர் என்பதனையும் மறத்தலாகாது. 2013 ஜூன் 25ஆம் நாள் உத்தராகண்ட வெள்ளத்தில் மீட்புக்குச் சென்ற மீ-17வி5 கௌரிகுண்டத்தின் அருகே வீழ்ந்து 20 பேர் இறந்தனர். 2024 செப்டம்பரிற் போர்பந்தரை அடுத்த கடலில், கப்பலொன்றில் இருந்த நோயாளியை எடுக்கச் சென்ற கடலோரக் காவற்படையின் துருவ் ஊர்தி நீரில் வீழ்ந்து மூவர் மாண்டனர். 2025 ஜனவரி 5ஆம் நாள் அதே போர்பந்தரில் இன்னொரு துருவ் வீழ்ந்து மேலும் மூவர் இறக்க, நாட்டிலுள்ள துருவ் ஊர்திகள் யாவும் சில திங்கள் பறவாது நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் இறுதியில், டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, துயர்துடைப்புக்குச் சென்ற இலங்கை வான்படையின் பெல் 212 வீழ்ந்து அதன் விமானி உயிர்நீத்தார். இத்தகையோர் ஓர் ஊரைத் தேடி வரும்பொழுது, இறங்க இடமின்றி மின்கம்பிகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே அவரைச் சுற்றவிடுதல் அறமன்று.

இனி, 'இஃதெல்லாம் செல்வர் நாட்டுப் பேச்சு. முதலில் நல்ல பாலமும் அரசு மருத்துவமனையில் இரவிலும் மருத்துவரும் வேண்டும்' என்பார் உளர். அக்கூற்றை யாமும் உடன்படுகின்றோம். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஊர்தி செய்துவரும் பணியை எந்த ஹெலிகாப்டரும் செய்யமாட்டாது. பெரிய ஹெலிகாப்டர் ஒரு மணிநேரம் பறக்க ஆகும் செலவு இலக்கத்தைக் கடக்கும். முகில் தாழ்ந்தால் அது பறவாது. சாலை திறந்திருக்குமாயின் பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் சாலையே வழி. மாவட்டந்தோறும் ஒரு ஹெலிகாப்டர் வாங்குக என்று யாம் கூறேம்; வாங்கினும் அஃது எவரை ஏற்றிக்கொண்டு திரியும் என்பது எமக்கு ஐயமே. வேண்டும் ஊர்திகள் முன்னரே உள. சூலூரில் வான்படைத்தளம் உண்டு. இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியிற் பருந்து என்னும் கடற்படை வான்தளம் உண்டு. சென்னையிற் கடலோரக் காவற்படையினர் துருவ் ஊர்திகளுக்கென 840ஆம் அணியை 2022 நவம்பர் 30ஆம் நாள் தொடங்கினர். சாலையறுந்த நாளில் மாவட்ட ஆட்சியர் கேட்டால் ஊர்தி வரும். வந்தபின் இறங்கும் நிலமும் எதிர்கொள்ளும் ஆளும் எங்கே?

தமிழ் பயில்வார் இதனை எளிதின் உணர்வர். சீவகசிந்தாமணியிற் சச்சந்தன் தன் சூலுற்ற தேவியைக் காத்தற்பொருட்டு மயிற்பொறி ஒன்று செய்வித்தான். பொறி பழுதின்றிப் பறந்தது. விசயை இறங்கிய இடமோ சுடுகாடு! அவ்விருளிலே சீவகன் பிறந்தான். மன்னன் பொறிக்கு நல்ல தச்சனைத் தேடினான். இறங்குமிடத்துக்கு ஒருவரையும் வைத்திலன். தெய்வம் ஒன்று பணிப்பெண் வடிவில் வந்து உதவிற்று என்று திருத்தக்கதேவர் கதையை நடத்திச் செல்கின்றார். காப்பியத்தில் அது நன்று. வெள்ளாற்றங்கரைச் சூலிக்கு அவ்வாறு தெய்வத்தை எதிர்பார்த்து நாம் வாளா இருத்தல் இயலுமோ? சூலூரிலுள்ள வான்படையினர் துருவ் ஊர்திகள் சிலவற்றிற்கு மயிலின் வண்ணந் தீட்டி, சாரங்க் என்னும் பெயரால் விண்ணில் ஆடச்செய்கின்றனர். அச்சொல்லுக்கும் மயில் என்பதே பொருள். மயிற்பொறி மீண்டும் தமிழ்நாட்டு வானிற் பறக்கின்றது என்று அறிந்தபோது யாம் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. வகுப்பில் இதனைச் சொல்லிச் சிரிப்பும் பெற்றோம்.

லப்பைக்குடிக்காட்டுக்கு வருவாம். வெள்ளாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. வடகிழக்குப் பருவத்திற் பெருகிப் பரங்கிப்பேட்டையை அடுத்துக் கடலிற் கலப்பது. அகன்ற மணற்பரப்பைக் காண்பார், 'ஹெலிகாப்டர் இறங்க இதனினும் நல்ல இடம் உண்டோ' என்பர். அது பொருந்தாது. விசிறிக்காற்றில் மணல் மேலெழுந்து விமானியின் கண்ணை மறைக்கும். வெள்ளம் வருநாளிலோ அவ்விடமே நீரினுள் இருக்கும். மேட்டுநிலம் வேண்டும், புல் படர்ந்த இறுகிய தரையாயிருத்தல் நன்று, அவ்விடத்திலிருந்து மருத்துவமனைக்கு வண்டிப்பாதை மழையிலும் இருத்தல் வேண்டும். பள்ளித்திடலோ, பெருநாள் தொழுகைத்திடலோ, கோயில் அல்லது தேவாலயத்தின் வெளியோ, எது ஏற்றதோ அதனை ஊரார் தேர்க. பேரூராட்சியாரும் ஜமாஅத்தாரும் பள்ளித் தலைமையாசிரியரும் ஒருநாள் ஒருங்கிருந்தால் இது முடியும். வெள்ளநாளில் அத்திடலில் இறங்கும் பொட்டலத்தைப் பெறுவார் எச்சமயத்தார் என்று மேலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது.

ஆள் பயிற்றுதல் இதனினும் அரிது. ஹெலிகாப்டரின் பின்விசிறி சுழலும்போது கண்ணுக்குப் புலனாகாது. வால்பக்கம் செல்பவர் உயிர்பிழைத்தல் அருமை. விமானி காணும் முன்பக்கத்திலிருந்து, அவர் குறிகாட்டிய பின்னரே, குனிந்து அணுகவேண்டும். குடை, தலைத்துண்டு, ஓலைப்பாய் எவையும் அருகில் ஆகா. காற்று எத்திசையினின்று வீசுகின்றது என்று காட்ட ஒரு கம்பத்திற் கொடித்துணி வேண்டும். எல்லாவற்றினும் கடினமானது கூட்டத்தைத் தொலைவில் நிறுத்துதல். பசித்தவரும் அஞ்சியவரும் வேடிக்கை பார்ப்பவரும் ஒருசேர ஓடிவருவர். இவற்றைக் கற்பிக்க வெளியூரிலிருந்து ஆசிரியரை அழைக்க வேண்டுவதில்லை என்பது எம் துணிபு. கடற்கிணறுகளுக்கு ஹெலிகாப்டரிற் செல்வார்க்கு, ஊர்தி நீரில் வீழ்ந்தால் தப்புதற்குரிய பயிற்சி அளிப்பது வழக்கம். ஊர்தியின் அறைபோன்ற ஒரு கூட்டில் வார்பூட்டி அமர்த்தி, குளத்துநீரிற் கவிழ்த்து, மூச்சடக்கி வெளிவரச் செய்வர். அத்தகைய வேலைபார்த்து ஊர் திரும்பினார் ஒருவர் கிடைப்பாராயின், அவரை ஆசானாகக் கொள்க. அயல்நாட்டு எண்ணெய்க்குப் பயன்பட்ட அறிவு நம் ஆற்றங்கரைக்கும் ஒருநாள் பயன்படட்டும்.

மாற்கு எழுதிய நற்செய்தியில், கப்பர்நகூமிலே திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்துவந்த நால்வரை நாம் அறிவோம். கூட்டத்தால் வாயிலை அணுக இயலாது, கூரையைப் பிரித்து அவனை இறக்கினர். அந்நால்வர் பெயரை மாற்கு எழுதவில்லை. ஊர்தியின் பெயரும் விமானியின் பெயரும் மறுநாட் செய்தித்தாளில் வரும். படுக்கையின் நான்கு மூலையைப் பிடித்தவர் பெயர் வாராது. அப்பெயரில்லாப் பணிக்கு மாணவராகிய நாம் மிகவும் ஏற்றவர். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஆண்டுதோறும் சிற்றூர்களில் ஏழுநாள் முகாம் நடத்துகின்றனர். சாலையோரத்துப் புல்லைச் செதுக்குகின்றோம், மரக்கன்று நடுகின்றோம், மாலையில் நாடகம் ஆடுகின்றோம். அவ்வேழனுள் ஒருநாளை இதற்கு ஒதுக்குமாறு பொறுப்பாசிரியரை யாம் வேண்டுகின்றோம். அளவுநாடா ஒன்றும் சுண்ணாம்பு இரண்டு மூட்டையும் போதும். திடலை அளந்து, அதனைச் சூழ்ந்த மின்கம்பிகளையும் மரங்களையும் குறித்துப் படம் வரைந்து, பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒருபடியும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருபடியும் கொடுத்துவிட்டு வருவாம். முகாம் வடகிழக்குப் பருவத்துக்கு முன்னரே நடக்குமாயின் இன்னும் நன்று. ஐப்பசி பிறந்தபின் அத்திடலில் நின்று அளக்க முடியாது.